நூற்று அறுபது கிராம்

ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது பெரியக்காவின் முகம் கல்லாகிவிட்டது. அவளும் தம்பியும் நடத்தும் பேக்கரியின் கேக், ஓட்டல் சமையலறையில் நடுவில் குழி விழுந்து கிடக்கிறதாம். நாளைய விருந்துக்கு வேறு கேக் வைக்கப்போகிறார்களாம்.

முந்நூறு பேர் விருந்து. அவ்வளவு கேக் தங்கள் அடுப்பில் வேகாது என்று தம்பிதான் ஓட்டலுக்குச் செய்முறையை எழுதிக் கொடுத்திருந்தான். விருந்தின் உணவுப் பட்டியல் அட்டையில் கேக்கோடு அவர்கள் குடும்பப் பெயரும் அச்சாகிவிட்டது. இனி அதன்மேல் கோடு விழும்.

"என்னடா எழுதிக் குடுத்தே?"

"நம்ம கணக்குதான் அக்கா. நாலு கப் மாவு, ரெண்டு கப் சர்க்கரை. ஒரு எழுத்து மாத்தலை."

"கப்பை எடு. கிளம்பு."

ஓட்டல் சமையலறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. ஒரு கப் மாவு நூற்று இருபத்தைந்து கிராம், ஒரு கப் சர்க்கரை இருநூறு கிராம்.

"நாங்க எல்லாம் கிராம்லதான் செய்வோம்மா," என்றார் சமையல்காரர். "இதைப் பார்த்து மாத்திக்கிட்டோம். எங்க தராசு தப்பாது. செய்முறையிலதான் ஏதோ..."

"முழுசா சொல்லுங்க."

"எதையாவது சொல்லாம விட்டுட்டீங்களோன்னு."

"மறைச்சுக் குடுக்கிற வீட்டுல நாங்க பிறக்கலை," என்றாள் பெரியக்கா.

முதலில் தன் கப்பில் தண்ணீர் பிடித்து ஓட்டல் கப்பில் ஊற்றினாள். விளிம்புவரை சரியாக நிறைந்தது, சொட்டுக்கூட மிஞ்சவில்லை. கப்பின் மீதும் பழி போட முடியாது.

அவள் கப்பைத் துடைத்து மாவை அள்ளினாள். மேசையில் இரண்டு முறை தட்டினாள். மாவு இறங்கியது. மேலும் அள்ளிப் போட்டுக் கத்தியால் வழித்துவிட்டாள்.

"இருங்க, எதுக்குத் தட்டினீங்க?"

"தட்டாம மாவை எப்படி அளப்பாங்க?"

தராசு நூற்று அறுபது காட்டியது.

தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். "நம்ம வீட்டுல தட்டாம அளந்தவங்களே கிடையாது அக்கா. அதையும் எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லை."

"ஒரு தடவை தற்செயலா யாருக்கும் அப்படி எடை வரும்," என்றார் சமையல்காரர்.

பெரியக்கா மாவைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்தாள். நூற்று அறுபது. மறுபடி, நூற்று அறுபத்தொன்று. பத்துத் தடவை அளந்தாள். ஒரு கிராமுக்கு மேல் கூடவுமில்லை, குறையவுமில்லை. சமையல்காரர் தராசைவிட்டு அவள் கையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"கைக்குள்ள தராசை வச்சுத் தைச்சிருக்காங்களாம்மா?"

"நாலு கப்புக்கு நூற்று நாற்பது கிராம் மாவை உங்க அட்டவணை தின்னுடுச்சு. குழி விழாம என்ன செய்யும்? சர்க்கரையை நாங்க தட்டுறதில்லை. அதை அப்படியே விடுங்க. மாவை அறுநூற்று நாற்பதுன்னு எழுதிக்கிட்டு அடுப்பை மூட்டுங்க."

ஒரு மணி நேரத்தில் கேக் வெளியே வந்தது. நடுப்பகுதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சமையல்காரர் விரலால் அழுத்தினார். பட்டென்று மேலே எழும்பி வந்தது. அவர் ஒரு துண்டைத் தின்றார், பிறகு இன்னொன்று. தொலைபேசியை எடுத்து மேலாளரிடம், "அட்டையில எதையும் மாத்த வேண்டாம்," என்றார்.

"மேசையில எங்க கேக் நடுவுல இருக்கணும்," என்றாள் பெரியக்கா. "ஓரத்துல வச்சா எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

"நடுவுலதாம்மா."

அவர்கள் கிளம்பியபோது அவரே முன்னால் போய், விருந்தினர்கள் வரும் பெரிய கதவைத் திறந்து பிடித்தார்.