பேய்க்கு இரண்டு தடவை போதும்

தொட்டையன் பயப்பட வேண்டும். அதுவும் ஐந்து மணிக்குள். இல்லையென்றால் அவர் எடுத்திருக்கும் பேய்ப்படத்தின் பின்னணி இசை பெங்களூர்க்காரர்களிடம் போய்விடும். நானோ கல்லூரி முழுக்க ‘இசை நாங்கள் மூவர்’ என்று சொல்லி வைத்திருந்தேன். வேலை கைவிட்டுப் போனால் மிச்சப் படிப்பை வேறு ஊரில்தான் முடிக்க வேண்டும்.

தொட்டையன் எங்கள் ஊர் மண்டி மொஹல்லா சந்தையில் வெங்காய மொத்த வியாபாரி. லாரி டிரைவர்களோடு இருபது வருஷம் சண்டை போட்டவரைப் பேய் எப்படி அசைக்கும்? விஜயநகரில், எங்கள் மூவரில் ஒருத்தியான ஜீவிதாவின் வீட்டு முன்னறையில் வீடியோ கேசட்டை ஓடவிட்டோம். பேய் படியிறங்கி வருகிறது; கதவுக்குப் பின்னால் கதாநாயகி. நான் கீபோர்டில் இருந்ததிலேயே கொடூரமான பொத்தானை அமுக்கினேன். பால் குக்கர் ஊதுகிறது என்றார் தொட்டையன். ஜீவிதா வயலினை இழுத்து இழுத்து வாசித்தாள். அவருக்குப் பேய்மேல் இரக்கம் வந்துவிட்டது. யார் வீட்டுப் பெண்ணோ, பாவம் என்று சொல்லி இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது உதயகுமாரும் அவன் மிருதங்கமும். கொள்ளேகால்காரன், கச்சேரிக்கு மட்டுமே வாசித்தவன். பேய்க்கும் கச்சேரியே வாசித்தான். படிக்குப் படி வேகம் ஏற்றி, கடைசியில் தீர்மானம் வைத்தான். அதாவது ஒரே சொற்கட்டை மூன்று தடவை அடித்து முடிப்பது. மூன்றாவது விழுந்ததும் எல்லாம் சுபம். பேயே கைதட்டியிருக்கும்.

மணி நாலே முக்கால்.

“அந்த மூணாவதுதான்டா கெடுக்குது,” என்றாள் ஜீவிதா. கேசட்டைப் பின்னால் ஓட்டி, அவனை மறுபடி அடிக்கச் சொன்னாள்.

முதல் தடவை அடித்தான். இரண்டாவதும் அடித்தான். அடுத்ததற்குக் கை எழும்பியபோது தாவி அவன் மணிக்கட்டு இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

அறையில் சத்தமே இல்லை. திரையில் பேய் கதவருகே நிற்கிறது. தொட்டையனின் வடை வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவருக்குச் சங்கீதம் தெரியாதுதான். ஆனால் கோயிலிலும் கல்யாணத்திலும் பிறந்ததிலிருந்து மூன்று மூன்றாகவே கேட்டு வளர்ந்த காது.

“மூணாவது எங்கப்பா?”

“வராதுங்க,” என்றான் உதயகுமார். அவனே அழுதுவிடுவான் போலிருந்தது.

“வரணும்தானே?”

“வரணுமுங்க.”

தொட்டையன் எழுந்தார். கதவுத் திரையை விலக்கிப் பின்னால் பார்த்தார். நல்ல வெயில் நேரத்தில் டியூப்லைட்டைப் போட்டார். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. மரியாதை கருதிக் கீபோர்டைப் பிடித்துக்கொண்டேன்.

பெங்களூர்க்காரர்களுக்கு வேண்டாமென்று சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இப்போ அதை ஒரே ஒரு தடவை அடிச்சிடப்பா. நான் நஞ்சன்கூடுக்குத் தனியா வண்டி ஓட்டிட்டுப் போகணும்.”

ஜீவிதா மணிக்கட்டை விடவில்லை. தாடையால் மேசை மேலிருந்த டெலிபோனைக் காட்டினாள்.

“முதல்ல பெங்களூருக்குப் பேசுங்கண்ணா.”