படுக்கவைத்த கொடி ரோஜா

நான் கட்டிங் மாஸ்டர். பதினேழு வருடமாகப் பனியன் துணி வெட்டுகிறேன். இதுவரை ஒரு பீஸ்கூட அளவு தவறியதில்லை என்று சொன்னால் எங்கள் கம்பெனியில் சிரிப்பார்கள். இருந்தாலும் சொல்லிக்கொள்வேன். துணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம்தான் பக்கத்து வீட்டு ரோஜாச் செடியில் போய் முட்டியது.

பக்கத்து வீட்டில் இருப்பது தமிழ்மதியும் அவள் அப்பா பொங்கியண்ணனும். தமிழ்மதி ஒரு பையிங் ஆபீஸில் க்யூசி. கம்பெனி கம்பெனியாகப் போய், தைத்து வைத்திருப்பதை அளந்து பார்த்து, சரியில்லையென்றால் முகத்துக்கு நேரே திருப்பித் தள்ளுகிற வேலை. அவள் டேப்பைக் கையில் எடுத்தால் முதலாளிகளே எழுந்து நின்றுவிடுவார்கள். எனக்கோ அவளைப் பார்த்தால் நிற்கவும் வராது, உட்காரவும் வராது. முப்பத்தொன்பது வயது ஆகிவிட்டது. அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் மட்டும் பத்தாம் வகுப்புப் பையனாகிவிடுவேன். வெட்கமாகத்தான் இருக்கும். நன்றாகவும் இருக்கும்.

அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து ஒன்றரை வருடத்தில் முறிந்துபோயிருந்தது. அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினாள், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

“சொந்தக் கம்பெனின்னாருங்க, இல்ல. டிகிரி முடிச்சிருக்கேன்னாரு, அதும் இல்ல. கோவக்காரனோடகூட இருந்துரலாங்க மாஸ்டர். பொய்க்காரனோட ஒரு நாள் முடியாதுங்க.”

நல்லவேளை, எனக்குப் பொய்யே வராது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது பிறகுதான்.

அந்தச் சுவர் அவர்கள் வீட்டைத் தொடுகிற மூலையில்தான் அவளுடைய கொடி ரோஜா இருந்தது. மூன்று வருடச் செடி. மாடியில் அவள் அறை ஜன்னல் வரைக்கும் அதை ஏற்றிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. நைலான் கயிற்றால் நெட்டுக்குத்தலாக இழுத்துக் கட்டியிருந்தாள். ஜன்னல் கம்பிக்கு இன்னும் இரண்டடிதான் பாக்கி. பூ என்று பார்த்தால் உச்சியில் நாலோ ஐந்தோ. கீழே நிற்கிற எங்களுக்கு அதுவும் தெரியாது, காக்காய்க்குத்தான் தெரியும்.

தைப் பொங்கல் முடிந்த வாரம் ஆபீஸில் அவளை எட்டு நாள் பயிற்சிக்குப் பெங்களூர் அனுப்பினார்கள். பொங்கியண்ணனும் நெல் அறுப்புக்காகக் கொமரலிங்கத்தில் இருக்கிற தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். கேட் சாவியை என் கையில் கொடுத்து அவள் சொன்னாள்: “போர் தண்ணி ஊத்தீராதீங்க மாஸ்டர், உப்பு, எல கருகிப்போயிரும். ட்ரம்முல நல்ல தண்ணி இருக்குதுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பக்கெட். வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க.”

வேறு ஒன்றும் பண்ணாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தால், நைலான் கயிறு தண்டில் பதிந்து தோலையே அறுத்துக்கொண்டிருந்தது. செடி முழுக்க விறைப்பாக நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. மில்லிலிருந்து வருகிற துணி ரோல் இப்படித்தான் இழுபட்டு விறைத்துக்கொண்டு வரும். அதை அப்படியே வெட்டினால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப்போகும். பிரித்து ஒருநாள் சும்மா போட்டு வைக்க வேண்டும். ரிலாக்ஸ் விடுவது என்போம். துணிக்கு நல்லது செடிக்கும் நல்லதுதானே என்று தோன்றிவிட்டது. கட்டிங் மாஸ்டருக்கு வேறு என்ன தோன்றும்?

இரண்டு நாள் லீவு போட்டேன். கயிற்றையெல்லாம் அறுத்தேன். மொத்தம் ஒன்பது கிளை. எது எங்கே இருந்தது என்று மாறிவிடக் கூடாதே என்று, கட்டிங்கில் பீஸுக்கு ஒட்டுகிற நம்பர் ஸ்டிக்கரை ஒன்று முதல் ஒன்பது வரை ஒட்டினேன். தரையில் பழைய பனியன் துணியை விரித்து ஒன்பதையும் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தேன். ஆறாம் நம்பர் மட்டும் மடக்கென்று முறிந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாருக்கும் தெரியாமல் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒருநாள் ரிலாக்ஸ் விட்டேன்.

மறுநாள் திரும்பக் கட்டப் போனால் மேலே ஏற்ற மனசு வரவில்லை. பதினைந்தடிக் காம்பவுண்டுச் சுவர் எதிரே நீளமாகக் கிடந்தது, எங்கள் கட்டிங் டேபிள் போலவே. துணியை யாராவது நட்டமாக நிறுத்துவார்களா? நீளவாக்கில்தான் விரிப்போம். சுவரில் ஆணி அடித்து, கம்பி இழுத்து, டேப் வைத்து அரை அடிக்கு ஒன்றாக எட்டுக் கிளையையும் சுவரோடு சுவராகப் படுக்கவைத்துக் கட்டினேன். கயிறு வேண்டாம் என்று, கழுத்துப்பட்டிக்கு வெட்டி மிஞ்சிய ரிப் துணியைக் கீற்றாக்கிக் கட்டினேன். இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது. இரண்டு கையும் முள் குத்தி வீங்கிவிட்டன. ஆனால் எட்டு வரியும் நூல் பிடித்த மாதிரி நேர். அவள் வந்து டேப் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது என்று மனசுக்குள் ஒரே குதியாட்டம்.

அவள் வந்தாள். டேப்பெல்லாம் எடுக்கவில்லை. பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சுவரைப் பார்த்தாள், பிறகு மேலே ஜன்னலைப் பார்த்தாள்.

“என்னங்க மாஸ்டர் இது?”

“ரிலாக்ஸ் விட்டிருக்கேனுங்க,” என்றேன்.

“மூணு வருசமா ஏத்துனேன். எட்டே நாள்ல படுக்க வெச்சுட்டீங்களே!” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. “தண்ணி மட்டும் ஊத்துங்கன்னுதான சொன்னேன்? சாவியக் குடுங்க.”

கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கம்பெனியில் வலதும் இடதுமாக மாற்றி நாற்பது பனியன் கையை வெட்டித் தள்ளினேன். “மாஸ்டருக்கு என்னாச்சு?” என்று ஹெல்பர்கள் கேட்டார்கள். பதினேழு வருடப் பெருமை போயிற்று. அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. என் அம்மா நஞ்சம்மாள், மகனுக்குக் கண்ணு பட்டுவிட்டதென்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே சுவரை எட்டிப் பார்த்தேன். படுத்திருந்த கிளைகளில் கணுவுக்குக் கணு சிவப்பாக ஏதோ முளைத்திருந்தது. எறும்போ என்று நினைத்தேன். துளிர்! முன்பு உச்சியில் மட்டும் துளிர்த்த செடி இப்போது ஒரு கணு பாக்கி இல்லாமல் மேல்நோக்கித் துளிர்விட்டிருந்தது. பேஸ்ட்டை முழுங்கிவிட்டேன். மாசியில் துளிரெல்லாம் விரல் நீளம் ஆனது, நுனியில் மொட்டுக் கட்டியது. இருநூறு வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் சந்தோஷத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

பங்குனியில் பூத்தது பாருங்கள்! பதினைந்தடிச் சுவர் காணாமலே போய்விட்டது. அடியிலிருந்து நுனிவரை ரோஸ் நிறம், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ரோஸ் நிறம். எங்கள் வீட்டுப் பக்கமும் வழிந்து தொங்கியது. ஷிப்டுக்குப் போகிற வேன்கள் நின்று நின்று போயின. வடக்கத்திப் பையன்கள் செல்ஃபி எடுத்தார்கள். பொங்கியண்ணன் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செடியைத் தானே பெற்றெடுத்த மாதிரி எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். நான் கேட்டைத் தாண்டும்போது பிடித்துக்கொண்டார்.

“ஏங்கண்ணு பிரபாகரு, படுக்க வெச்சாத்தான் இப்படிப் பூக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவர் பின்னால் தமிழ்மதி நின்றிருந்தாள். இரண்டு மாதம் கழித்து என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் புத்தி கழன்று விழுந்தது.

“அது ஒரு மொறைங்க,” என்றேன். “வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் கட்டுவாங்க. தெரிஞ்சுதான் பண்ணுனேன்.”

“தெரியாம நாந்தான் கத்திப்போட்டேனுங்க மாஸ்டர், மனசுல வெச்சுக்காதீங்க,” என்றாள் அவள். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்து, நல்லாருக்குதுங்க என்றேன். சந்தோஷம் பாதி, பயம் பாதி.

பிறகு தினமும் காலையில் அவள் சுவரோரம் வருவாள். எப்போது கவாத்து பண்ணுவது, எவ்வளவு எரு, இலையில் கரும்புள்ளி வந்தால் என்ன அடிப்பது? ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியாது. “நாளைக்குச் சொல்றனுங்க” என்பேன். சாப்பாட்டு இடைவேளையில் கட்டிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து செல்போனில் ரோஜா வீடியோவாகப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில்தான், கொடி ரோஜாவைப் படுக்கவைத்தால் கணுவெல்லாம் பூக்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று தெரிந்தது. அவளோடு பேசுகிற பத்து நிமிஷம் அன்றைய நாளையே மிதக்க வைக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யும் கூடவே வளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டுக்குள் கூப்பிட்டாள். கையில் தொட்டியோடு இன்னொரு கொடி ரோஜாக் கன்று.

“இது மாடில என்ற ரூம் ஜன்னலுக்குங்க. எங்க நடோணும், எப்படி ஏத்தோணும், நீங்களே சொல்லுங்க. நா இனி ஒண்ணும் பேச மாட்டேன். உங்க பேச்ச அப்படியே நம்பறனுங்க.”

நம்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஊசி ஏறின மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தினமும் காபி, தினமும் பேச்சு. திறந்தால் எல்லாம் போய்விடும். அவளே சொல்லியிருக்கிறாள், ஒரு நாள்கூட முடியாது என்று. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி முழுங்குவது?

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றேன். “வெளிநாட்டு மொறையும் இல்ல, உள்நாட்டு மொறையும் இல்ல. துணி மாதிரி நெனச்சுப் படுக்க வெச்சேன். பூத்தது என்ற அதிர்ஷ்டம். அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க.”

தொட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் போகவில்லை. போக வேண்டியவன்தான், வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. பூவைச் சுற்றித் தேனீக்கள் ரீங்காரம் போட்டன. அவற்றின் மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“வேற என்னென்ன பொய்யிங்க?” என்று வாசலில் நின்றே கேட்டாள். “எல்லாத்தையும் இப்பவே சொல்லிப்போடுங்க.”

“உங்க காபி நல்லாருக்குதுன்னேன். சக்கர சாஸ்திங்க.”

“அப்பறம்?”

“என்ற சாதகத்துல முப்பத்தாறுன்னு அம்மா எழுதி வெச்சிருக்குது. முப்பத்தொம்பதுங்க.”

“ம்.”

“கெளை எட்டு இல்லீங்க. ஒம்பது இருந்துச்சு. ஒண்ண ஒடச்சுப்போட்டேன்.”

“அது வந்தன்னிக்கே தெரியும். ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் நம்பர் ஒட்டிருந்தீங்க, ஆறக் காணோம். அப்பறம்?”

“தெனமும் காலைல கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தறதுக்குத்தான் செவுத்தோரம் வர்றேன்னு சொன்னேன். எங்க ஊட்டுல கறிவேப்பிலச் செடியே இல்லீங்க. உங்களப் பாக்கத்தான் வர்றேன். ரெண்டு வருசமா அதுக்குத்தான் வர்றேன்.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பதறிப்போனேன். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கையுங்களவுமா புடிச்ச பொறவுகூட ஒத்துக்காத ஆளோட ஒன்றர வருசம் இருந்துட்டு வந்தவ நான்,” என்றாள். “நீங்க யாரும் கேக்காமயே ஒத்துக்கிட்டீங்க. இனி பொய் சொன்னீங்கன்னா மட்டும் சும்மா உடமாட்டேன்.”

“சொல்ல மாட்டேனுங்க.”

அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “அப்பா, சாயந்தரம் எங்கியும் போயிராதீங்க. மாஸ்டரூட்டு அம்மா பேச வருவாங்க.”

எங்கள் அம்மாவுக்கே இன்னும் தெரியாது! மாலை எப்படி வருவாள், என்னவென்று சொல்லிக் கூட்டி வருவது? தலைக்குள் பவர் டேபிள் தையல் மெஷின் பத்து ஒன்றாக ஓடியது.

“போங்க, போயி அம்மாகிட்டச் சொல்லுங்க,” என்றாள் தமிழ்மதி. நான் நின்றுகொண்டே இருந்தேன். “இன்னும் என்னங்க?”

“காலு நகர மாட்டேங்குதுங்க.”

“மறுபடியும் பொய்யா?”

“இல்லீங்க,” என்றேன். “இது நெசமுங்க.”