இசை சேர்ப்பதற்கு முன்

திரையில் அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், இரண்டு பக்கமும் ஒருவன் கையை ஊன்றியிருக்கிறான், சந்து குறுகல், அவள் வாய் திறந்து மூடுகிறது, சத்தம் இல்லை, கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மங்கையர்க்கரசிதான் அவளுக்காக மூச்சு விட வேண்டும், அதுதான் பிழைப்பு, தமிழ் வராத கதாநாயகிகளுக்கெல்லாம் சாலிகிராமத்தில் இப்படிக் குளிர்ந்து கிடக்கும் அறைகளில் நின்று பேசுவதும் சிரிப்பதும் விம்முவதும். போன மாதமே இந்தக் காட்சிக்கு மூச்சு விட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள், அப்போது இசை சேர்க்கவில்லை, டப்பிங் முடிந்த பிறகுதான் பின்னணி இசை வரும், வழக்கம் அப்படி, அதனால் வெறும் படத்தைப் பார்த்தாள், ஒருவன் ஒருத்தியை மறித்துக்கொண்டு நிற்கிறான், பார்த்த மாத்திரத்தில் பயந்து மூச்சு விட்டாள், வேறு என்ன செய்வாள், இன்று கரெக்‌ஷன் என்று கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

மேடம் தப்பா எடுத்துக்காதீங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் பேசுகிறான் இயக்குநர் பிரகதீஷ், சின்ன வயது, சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் வேலையைத் தொடங்காத பிள்ளை, அவ பயப்படல மேடம், இங்கதான் லவ்வே ஆரம்பிக்குது, உள்ளுக்குள்ள புடிச்சிருக்கு, காட்டிக்கல, மூச்சுல கொஞ்சம் வெக்கம் வேணும், முடியிறப்ப சின்னதா ஒரு சிரிப்பு. அவ மூஞ்சியில பயம்தானே தம்பி தெரியுது என்றாள் மங்கை. மியூசிக் இல்லாம பாத்தீங்கல்ல, அதான், இப்ப போடுறேன், கேளுங்க, உங்களுக்கே புரியும்.

புல்லாங்குழல் வந்தது, அடியில் வயலின்கள், மெதுவாக, யாரோ தலையைக் கோதிவிடுவது போல, அதே சந்து, அதே சுவர், அதே கைகள், ஆனால் இப்போது அவன் மறிக்கவில்லை, அணைக்கப் போகிறான், இப்போது அவள் மிரளவில்லை, கிறங்குகிறாள், மங்கையின் முழங்கை மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது, அதைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது, சீ, இவ்வளவு பட்ட பிறகும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லையே, கும்பகோணத்தில் மதியக் காட்சிக்குத் தோழிகளோடு போய் முறுக்கைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தபோது சிலிர்த்த அதே கை. அந்நாளில் திரையில் ஒரு ரௌடி ஒரு பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்திக்கொண்டு வருவான், இசையை எடுத்துவிட்டால் போலீசில் சொல்ல வேண்டிய சங்கதி, ஆனால் வயலின் அவனைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பொட்டு வைத்து மாப்பிள்ளையாக்கிக் கொண்டுவந்து நிறுத்தும், எங்கே பயப்பட வேண்டும், எங்கே உருக வேண்டும் என்று அதுதான் சொல்லிக் கொடுத்தது, மங்கை கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் குணசீலன் வந்தான், பாத்திரக்கடைக்காரர் மகன், கல்லூரி விட்டு வரும் வழியெல்லாம் சைக்கிளில் பின்னாலேயே வருகிறான், என்னடி ஹீரோ இன்னைக்கும் வந்துட்டாரு போல என்று தோழிகள் இடித்துச் சிரிக்கிறார்கள், ஒரு சாயங்காலம் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவளைச் சுவரில் சாத்தி இரண்டு பக்கமும் கையை ஊன்றினான், சைக்கிள் எண்ணெய் வாடை, உடம்பெல்லாம் நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, சந்து முனை டீக்கடை ரேடியோவில் அந்நேரம் பார்த்து ஒரு காதல் பாட்டு, அதே புல்லாங்குழல், அதே வயலின், ஓகோ, இந்த நடுக்கத்துக்குப் பெயர் காதல் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள் பைத்தியக்காரி. அன்றைக்கு அந்த ரேடியோ நெல் விலை வாசித்திருந்தால் கத்தியிருப்பாள், கடித்திருப்பாள், வேறு எவனையாவது கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், பால்காரர், குடத்தோடு இரண்டு பெண்கள், தெரிந்த வாத்தியார்கூட, ஒருவரும் நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று இத்தனை வருடமாக அவர்கள் எல்லோர் மேலும் அவளுக்குக் காறித் துப்பும் ஆத்திரம்.

குணசீலனோடு கல்யாணம் ஆன பிறகு பின்னணி இசை கிடையாது, குக்கர் விசில், அவன் கதவை உதைக்கும் சத்தம், அவ்வளவுதான், இன்றைக்கும் அடுப்படிச் சுவரில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு எங்கடி ஊர் மேஞ்சுட்டு வர்ற என்கிறான், அதே கை, அதே இடைவெளி, அப்போதெல்லாம் அவள் ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பாள், அடி விழாமல் இருக்க, பிரகதீஷ் கேட்கிற அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை இந்தப் பெண்ணின் வாயிலும் வைத்துத் தைக்க வேண்டுமா, அதைப் பார்த்து எந்த ஊரிலோ ஒருத்தி முறுக்கைக் கடிக்க மறக்க வேண்டுமா, மாட்டேன், இவள் ஒருத்தியையாவது பயந்தவளாகவே விட்டுவிட வேண்டும்.

சிரிக்க மாட்டேன் தம்பி என்றாள். என்ன மேடம். அவ பயந்துதான் நிக்கிறா, நான் குடுத்ததுதான் சரி, வெக்கமெல்லாம் வராது, வேணும்னா வேற ஆளைக் கூப்பிட்டுக்குங்க.

பிரகதீஷ் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை, ஐயோ மேடம் நீங்க இல்லாம எப்படி என்றான், தலையைச் சொறிந்தான், பக்கத்தில் இருந்த சவுண்டு இன்ஜினியர் ஆல்பர்ட்டிடம் ஏதோ சொன்னான், ஆல்பர்ட் யோசித்து, போன மாசம் குடுத்ததையே வெச்சுக்கலாம் சார், குழலைக் கொஞ்சம் தூக்கிவிட்டா போதும் என்றான், மேசையில் குழல் ஒலிக்கான விசையை ஒரு விரலால் மேலே தள்ளினான்.

காட்சி மறுபடி ஓடியது. குழல் எழுந்தது, அதன் நடுவே அவளுடைய மூச்சு, போன மாதம் நிஜமாகவே பயந்து விட்ட மூச்சு, ஒரு இழைகூட மாற்றவில்லை, அது குழலோடு சேர்ந்து ஏறி, தவித்து, தழைந்து இறங்குகிறது, காத்துக் கிடந்த பெண்ணின் மூச்சு, ஆசை மூச்சு. பாத்தீங்களா மேடம், இதுவே போதும், என்ன ஃபீலு என்று கை தட்டினான் பிரகதீஷ்.

மங்கை ஹெட்போனைக் கழற்றவில்லை. அந்த மூச்சுக்குள் பயத்தைத் தேடினாள், அவளே விட்டது, அவளுக்குத் தெரியாதா, கண்ணை மூடிக்கொண்டு தேடினாள், அகப்படவில்லை, வாயெல்லாம் கசந்தது, பால்காரரும் குடத்துப் பெண்களும் வாத்தியாரும் அந்தச் சந்தில் நடந்துபோகிறார்கள், டீக்கடையில் பாட்டு ஓடுகிறது, சுவரோரம் ஒரு பெண் மூச்சு வாங்குகிறாள், மங்கையும் அவர்களோடு காது கொடுத்துக் கேட்கிறாள், யாரோ காதலிக்கிறார்கள், அவளும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறாள்.