அலசிய நூல்

விஜயலக்ஷ்மியின் வயிற்றுக்குள் எங்கேயோ ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எங்கே என்பதுதான் 1974-ஆம் வருஷத்து வைத்திய சாஸ்திரத்துக்குத் தெரியவில்லை. ராயப்பேட்டை நர்சிங் ஹோமில் டாக்டர் பொன்ராஜ் விளக்கு வைத்த குழாயை வாய் வழியே விட்டு, இரைப்பையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"அதுக்கப்புறம் இருபது அடி சிறுகுடல் சார். அங்கே எட்டிப் பாக்க ஜப்பான்ல நீளக் குழாய் பண்ணியிருக்காங்களாம். நமக்கு இப்போதைக்கு நூல்தான். விழுங்கட்டும், நாளைக்கு இழுப்போம். எங்கேன்னு நூலே சொல்லிடும்."

நுனியில் குண்டு கட்டிய வெள்ளை நூல். அவள் கணவர் ஸ்ரீரங்கன் மயிலாப்பூரில் கணக்கு வாத்தியார். மனைவிக்குள் ஒரு அளவு நாடா போகிறது என்று புரிந்துகொண்டு சந்தோஷப்பட்டார்.

மறுநாள் காலை நர்ஸ் தேவானை நூலை இழுத்துப் பீங்கான் தட்டில் மூடி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

"ஏன்னா, அந்தக் கண்றாவியை அப்படியே டாக்டர்கிட்ட காட்டணுமா? மானம் போறது" என்று விஜயலக்ஷ்மி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருபது வருஷ தாம்பத்தியத்தில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்திராத ஸ்ரீரங்கன், நூலைக் குழாயடிக்கு எடுத்துப்போய் சோப்புப் போட்டு அலசினார். ஸ்கேல் வைத்து அளந்தார். ஏழே முக்கால் அடி. காகிதத்தில் குறித்து, கீழே ஒரு கோடும் போட்டார்.

டாக்டர் நூலைக் கையில் வாங்கி இந்த நுனி முதல் அந்த நுனி வரை உருவிப் பார்த்தார்.

"கறை எங்கே? ரத்தக் கறை எத்தனாவது அடியில இருக்கோ அதைப் பாக்கத்தானே இது! யார் அலசினது?"

"நான்தான் டாக்டர். அசிங்கமா இருந்துது" என்றாள் விஜயலக்ஷ்மி, படுத்தபடியே.

டாக்டர் ஸ்ரீரங்கனின் நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார். "சரிம்மா. நாளைக்கு இன்னொரு தரம் பாப்போம்."

அவர் போனதும் அவள், "நன்னாத்தான் அலசறேள். இத்தனை நாள் ஒளிச்சு வெச்சுண்டு இருந்தேளே!" என்றாள். ஸ்ரீரங்கனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் ரத்தம் கொட்டியது. இடம் தெரியாமலே வயிற்றைத் திறந்தார்கள்.

டாக்டர் வெளியே வர நாலு மணியாயிற்று. "மேல்கோடியில, மூணாவது அடியிலயே இருந்திருக்கு சார். நான் கீழ்க்கோடியிலேருந்து தேடிக்கிட்டு வந்தேன். அங்கே போய்ச் சேர்றதுக்குள்ளே…"

"அலசினது அவ இல்லே டாக்டர்" என்றார் ஸ்ரீரங்கன்.

"தெரியும் சார். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.