லுசெட்டின் இடது கால்

என் பெண் லுசெட் பிறந்ததிலிருந்தே இடது கால் குட்டை. விந்தி விந்தித்தான் நடப்பாள். ஏழு வயதில் மார்ச்சளிக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. ஒரு புகைப்படம்கூட இல்லை, ஒரு இடத்தில் நின்றால்தானே எடுக்க! என் கணவர் ஆன்செல்ம் மோந்த்ரேயில் என்ற எங்கள் ஊரில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போடுகிறவர். எட்டு மாதம் உட்கார்ந்து அவளைப் பென்சிலில் வரைந்தார். ஆயிரத்து இருநூறு தாள். ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வாத்தை ஒரு சிறுமி துரத்துகிறாள், அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்துத் திரையில் ஓட்டினால் அவள் மறுபடி நடப்பாள் என்றார்.

பென்சில் கோட்டின் மேல் மை போடுவதற்குள் போர் வந்துவிட்டது.

"க்ளெமான்ஸ், மை மட்டும் நீ போட்ரு. கோடு கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உன் சாமர்த்தியத்த அதுல காட்டாத" என்று சொல்லிவிட்டுப் போர்முனைக்கு ரயிலேறினார்.

நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவளா? வாத்தை அப்படியேதான் விட்டேன். லுசெட்டின் காலில் பேனாவை வைத்ததும் கை நின்றுவிட்டது. கடைத்தெருவில் அவளைப் பார்த்துச் சிரித்த வாய்களெல்லாம் நினைவுக்கு வந்தன. செத்த பிறகும் சிரிக்க வேண்டுமா? எந்த வைத்தியராலும் நேராக்க முடியாத காலை, தாளுக்குத் தாள் நான் மையால் நேராக்கினேன். அடியிலிருந்த பென்சில் கோட்டை ரப்பருக்குப் பதில் ரொட்டித் துணுக்கால் தேய்த்து அழித்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன். பெருமையாகவும் இருந்தது.

ஆன்செல்மின் நண்பர் ஒருவர் அதைப் படம் பிடித்துத் தந்தார். தெருமுனைத் திரையரங்குக்காரர் அதைத் திரையிட்டார். ஆன்செல்ம் ஆறு நாள் விடுப்பில் வந்தபோது, கடைசி நாள் மதியக் காட்சிக்குப் போனோம்.

வாத்து வந்ததும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கோடெல்லாம் நடுங்கியது. கழுத்து ஒரு நொடி நீண்டு மறு நொடி குட்டையானது. ஆனாலும் அது உயிரோடு தள்ளாடி ஓடியது. பின்னாலேயே ஒரு சிறுமி நேராக, அழகாக ஓடி வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவளை யாரும் பார்க்கவே இல்லை.

"வாத்து பிரமாதம்ப்பா ஆன்செல்ம்! அந்தப் பொண்ணுதான் சாவி குடுத்த பொம்மையாட்டம் இருக்கு" என்றார் அரங்குக்காரர் வாசலில்.

ஆன்செல்ம் என் பக்கம் திரும்பினார்.

"நம்ம புள்ள எங்கடி?"

"யாரும் சிரிக்கக் கூடாதுன்னுதான்..."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அவ இருந்திருப்பாளே."

அவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"பென்சில் கோடாவது இருக்கா?"

"அழிச்சிட்டேன்."

ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் தாளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவ நடந்த மாதிரி நடந்து காட்டு."

ஜன்னலிலிருந்து அடுப்பு வரை விந்தி விந்தி நடந்தேன்.

"தோள் அவ்வளவு சாயாது."

மறுபடி நடந்தேன்.

"இல்ல. அவ கீழ பாக்க மாட்டா."

மறுபடியும் நடந்தேன். பெற்றவள் நான், எனக்கு வரவில்லை. அவர் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து தானே நடந்து பார்த்தார். அவருக்கும் வரவில்லை. ரயிலுக்கு நேரமாகும்வரை அந்தச் சின்ன அறையில் இரண்டு பேரும் மாறி மாறி நொண்டிக்கொண்டிருந்தோம்.