தாம்பாளம் அடித்தால்

"ஏய் வடிவு! உன்னை யாரு மொதல்ல வெளிய ஓடச் சொன்னது?"

பரந்தாமன் போட்ட சத்தத்தில் நூம்பல் கிராமமே ஒரு தரம் ஆடியிருக்கும். பீகாரில் பூகம்பம் வந்து ஊர் ஊராக இடிந்துபோன சேதியைப் பூந்தமல்லியில் யாரோ பேப்பரில் படிக்கக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. தாம்பாளத்தைத் தட்டினால் எல்லோரும் போட்டது போட்டபடி களத்துக்கு ஓட வேண்டும் என்று வீட்டுக்குச் சட்டம் போட்டான். தினமும் ஒத்திகை வேறு. நல்ல யோசனைதான். ஆனால் முதல் ஆளாக ஓடி நின்றவள் அவன் தங்கை வடிவு. புருஷனை இழந்து வந்தவளுக்கு வாசலை ஒட்டிய நெல் அறையைத்தானே ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்!

"உசிருக்குத் தப்பி ஓடுறப்போ தாலியறுத்தவ மூஞ்சியா எதிர்ல நிக்கணும்?" என்றாள் அண்ணி வரலட்சுமி. "நாங்க போனப்புறம் நீ வா."

"அதுக்குள்ள ஊடு உயுந்துட்டா, அண்ணி?"

அண்ணி முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். வடிவு செத்தாலும் பரவாயில்லை, சகுனம் பிழைக்க வேண்டும்!

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், யாரும் தொடாமலே தாம்பாளம் அதிர்ந்தது. அடுக்குப் பானைகள் கடகடத்தன. கூரையிலிருந்து ஓடுகள் சரிந்தன. ஒரு வாரமாக ஒத்திகையில் வழிவிட்ட பழக்கதோஷத்தில் வடிவு கதவோரம் ஒதுங்கினாள். 'என் உசிரும் உசிருதானே' என்று தோன்றியதும் ஒரே ஓட்டமாகக் களத்துக்கு ஓடிவிட்டாள்.

பின்னாலேயே வாசற்படிக்கு வந்த அண்ணனும் அண்ணியும் எதிரே அவளைப் பார்த்துச் சட்டென்று நின்றார்கள். சகுனத்தடை! தடை வந்தால் உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தானே புறப்பட வேண்டும்? திரும்பிப் போனார்கள்.

"அண்ணாத்தே! இன்னா பண்றீங்க? வெளிய ஓடியாங்க!" என்று வடிவு தொண்டை கிழியக் கத்தினாள். ஆடுகிற வீட்டுக்குள் சம்மணம் போட்டு ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு அவர்கள் வெளியே வருவதற்குள் ஆட்டமே நின்றுவிட்டது.

"எங்களைக் கொல்லப் பாத்தியா?" என்று பரந்தாமன் எகிறினான். சொம்பு இன்னும் அவன் கையில் இருந்தது.

வடிவு அவன் தலையில் கிடந்த ஓட்டுத் தூளைத் தட்டிவிட்டாள்.

"நானா உங்களை உள்ள உக்கார வெச்சேன்? இனிமே தாம்பாளம் அடிச்சா நான்தான் மொதல்ல வருவேன், அண்ணாத்தே. தண்ணிப் பானைய களத்துலயே வெச்சிடறேன். வெளிய வந்து குடிச்சிக்கோங்க."