தகரத் தோணியை மூழ்கடிப்பது எப்படி

1

வாசகரே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்த உள்ளொளியிலும் பிறக்கவில்லை. மாம்புரியில் என் தங்கை நஃபீஸாவின் வீட்டுக் கடைக்குப் போய்க் குளிர்ந்த சோடா ஒன்று கேட்டேன், கிடைக்கவில்லை. ப்ரிட்ஜ் இருந்த இடத்தில், அலுமாரியும் வாக்களிப்புச் சாவடியும் கலியாணம் முடித்துப் பெற்றதுபோல ஒரு பெட்டி நின்றது. அதன் நெற்றியிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

சோடா கிடைத்திருந்தால் நீங்கள் இதை வாசிக்க வேண்டி வந்திராது.

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று பெருமூச்சு விட்டது. ஒவ்வோர் அலையும் மனித வாழ்வின் நிலையாமையை’

(நிறுத்திவிட்டேன். கடல் பெருமூச்சு விட்டு நான் கண்டதில்லை. அன்று வந்தது கருவாட்டு வாடை.)

இரண்டாம் தொடக்கம்: முஹ்ஸின் மச்சான் ப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டு அந்தப் பெட்டியை வாங்கினார். இது நடந்தது. ஆகவே இருக்கட்டும்.

முஹ்ஸின், நஃபீஸாவின் கணவர். மீனவர் சங்கத் தலைவர். தேத்தண்ணிக்குச் சீனி கேட்டாலும் ‘அன்பார்ந்த பெரியோர்களே’ என்றுதான் தொடங்குவார். கற்பிட்டியில் மூடிப்போன உல்லாச விடுதி ஒன்றில் கிடந்தது அந்தப் பெட்டி. ஐம்பது வருஷப் பழைய விளையாட்டு யந்திரம். உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. மோட்டார், சங்கிலி, பல்புகள், ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் பாயும் சிறு தகடுகள், அவ்வளவுதான். நீங்கள் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதாகப் பாவனை. குழாயில் கண்ணை வைத்தால் கப்பல்கள் கடந்துபோகும். விசையை அழுத்திச் சுட வேண்டும். பட்டால் சிவப்பு விளக்கு எரிந்து கப்பல் மூழ்கும். ஆனால் இந்தப் பெட்டியில் எதுவும் கடக்கவில்லை, எதுவும் எரியவில்லை. ‘இது ஒரு கலாசார மையத்தின் ஆரம்பம்’ என்றார் முஹ்ஸின்.

நஃபீஸா குரலை உயர்த்தவில்லை.

“பெருநாளண்டைக்கு இதுல ஒரு கப்பலாவது தாழணும். தாழாட்டி, காசு லாச்சிக்குப் பின்னால இரிக்கிற கதிர எனக்கு. நீங்க தேத்தண்ணி ஊத்துங்க.”

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கிடக்கும் அந்தக் கதிரையில் உட்கார்ந்துதான் முஹ்ஸின் உலகத்தை ஆண்டுவருகிறார். இந்தக் கதையின் பணயம் அது. வேறு தத்துவம் தேடி அலைய வேண்டாம்.

3

[பஸ்தியான் என்ற பாத்திரத்தில் எனக்கே திருப்தி இல்லை. கதையில் வரும் மெக்கானிக் வாய் பேசாத மேதையாக இருக்க வேண்டும். பஸ்தியான் வாய் மூடுபவரும் அல்ல, மேதையும் அல்ல. என்ன செய்வது, மாம்புரியில் கிடைத்தவர் அவர்தான்.]

பஸ்தியான் தோணி எஞ்சின் திருத்துபவர். இந்தக் கரையில் உப்புக்காற்று பூட்டையும் தின்னும், கதவுப் பிணைச்சலையும் தின்னும். இரும்பைக் கண்டால் கிறீஸ் பூசுவது இங்கே கை தானாகச் செய்யும் வேலை. அவர் பெட்டியைத் திறந்தார், எலிப்புழுக்கையை அள்ளிக் கொட்டினார், மின்சாரம் பாய வேண்டிய தகடு ஒவ்வொன்றுக்கும், இனிப் பாயவே முடியாதபடி, தாராளமாகக் கிறீஸ் பூசினார். செத்துக் கிடந்த பெட்டி இப்போது பளபளப்பாகச் செத்துக் கிடந்தது. பூச ஒரு காலை போதுமாயிருந்தது. பெற்றோல் துணியால் துடைத்தெடுக்க நோன்பு மாதத்தில் பாதி போயிற்று.

(விமர்சகர்களின் கவனத்துக்கு: எலிப்புழுக்கை குறியீடு அல்ல.)

ஒருவழியாக மோட்டார் சுற்றியது. ஆனால் கப்பல்கள் எல்லாம் துருவேறி உதிர்ந்திருந்தன. பஸ்தியான் தகரம் வெட்டிப் புதிதாகச் செய்தார். போர்க்கப்பலை அவர் எங்கே கண்டார்? தெரிந்ததை வெட்டினார். மாம்புரிக் கரையில் நிற்கும் தோணிகள், அதே நிறங்கள், அதே பெயர்கள். இங்கே தோணிக்கு மனைவியின் பெயரையோ மகளின் பெயரையோதான் எழுதுவார்கள்.

சுட்டுப் பார்த்தாயா என்று முஹ்ஸின் கேட்டார்.

“முதல்ல வந்தது ‘சுஜாந்தி’, தலைவர். என்ர மகளின்ர பேர். அதை எப்பிடிச் சுடுறது? மற்றதெல்லாம் நல்லா ஓடுது.”

4

பெருநாளன்று பள்ளிவாசல் பக்கத்தாரும் மாதா கோயில் பக்கத்தாரும் கடை வாசலில் கூடினார்கள். முஹ்ஸின் உரையாற்றினார். [உரையை முழுதாக எழுதியிருந்தேன். உங்கள்மேல் இரக்கப்பட்டு வெட்டிவிட்டேன்.] முதல் மரியாதை தோணி முதலாளி அன்ரனிப்பிள்ளை சம்மாட்டிக்கு. அவர் குழாயில் கண்ணை வைத்தார், முகம் மலர்ந்தது. ‘டொறத்தி’ வந்துகொண்டிருந்தது: அவர் தோணி, அவர் மனைவி பெயர். விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“தலைவர், நாளைக்கு விடிய நான் இதிலதான் கடலுக்குப் போறன்.”

பின்னால் வந்தவர்களும் தங்கள் தங்கள் தோணியைத் தேடிக் கண்டார்கள், நிறம் சரி என்று மெச்சினார்கள், நகர்ந்தார்கள். அடுத்தவன் தோணியைச் சுடலாமே என்று ஒருவர் விரலை வைத்துப் பார்த்தார். அடுத்தவன் பக்கத்திலேயே நின்றான்.

முஹ்ஸினே சுட்டிருக்கலாம். ஆனால் சங்கத் தேர்தல் வருகிறது. ஒவ்வொரு தகரமும் ஒரு வோட்டு. “அன்பார்ந்த…” என்று தொடங்கினார். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை அன்றுதான் கண்டேன்.

நஃபீஸா கதிரையில் இருந்த தூசியைத் தட்டத் தொடங்கினாள்.

5

முடிவு ஒன்று: கரண்ட் போய்விடுகிறது. (மலிவு.)

முடிவு இரண்டு: தகரத் தோணியைக்கூடச் சுட மறுத்த அந்த எளிய மக்களின் கண்களில் மானுடம்

(இப்படி முடித்தால் பரிசு கிடைக்கும். ஆனாலும் கூச்சமாக இருக்கிறது.)

நடந்தது இது. முஹ்ஸின் என் தோளில் கை போட்டார்.

“மச்சான், நீங்க கனமூலை ஊராள். ஒங்களுக்குத் தோணியுமில்ல, இங்க வோட்டுமில்ல. ஒண்டச் சுடுங்க.”

“சுடுங்க நானா,” என்றாள் நஃபீஸா, அண்ணனாகிய என்னிடம். “பெறகு எண்ட கடைக்குச் சோடாக் கேட்டு வராதீங்க.”

குனிந்தேன். விசையில் விரல் வைத்தேன். எழுத்தாளனுக்கு இந்த மாதிரி வேளைகளில் ஒரு வசதி உண்டு.

வாசகரே, உங்களுக்கும் மாம்புரியில் தோணி இல்லைத்தானே? இங்கே வாருங்கள், குனியுங்கள், இடக்கண்ணை மூடுங்கள். ஒரு கப்பல் மூழ்கினால் முஹ்ஸினின் கதிரை தப்பும், மூழ்காவிட்டால் நஃபீஸாவுக்கு. நீலமும் மஞ்சளுமாக வருகிறதே, அதுதான் ‘டொறத்தி’. விசை உங்கள் பெருவிரலின் கீழ் இருக்கிறது.

திரும்பிப் பார்க்க மட்டும் வேண்டாம். உண்மையான டொறத்தி, நஃபீஸா கொடுத்த வட்டிலப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.